உ என்றோர் ஊர்

இதற்கு முன் நான் கதை எழுதியதில்லை. சுற்றறிக்கைகளுக்குப் பதில், விடுப்பு விண்ணப்பம், பணி நிறைவு விழாக்களுக்கான வாழ்த்துரை ஆகிய மூன்று துறைகளில் மட்டுமே எனக்குப் பயிற்சி உண்டு. மூன்றாவது துறையில் ஒருமுறை, ஓய்வு பெறாத ஒருவரை வாழ்த்தி வழியனுப்பிய பெருமையும் எனக்குண்டு. ஆகவே, இவ்விதழின் மதிப்பிற்குரிய வாசகர்கள் என் எழுத்தில் குறை கண்டால் வியப்படைய வேண்டாம் என்று முன்கூட்டியே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதனைப் புனைகதை என்ற பிரிவில் அனுப்புவது என் விருப்பத்தால் அன்று. வேறு பிரிவில் அனுப்ப எனக்கு இப்போது அனுமதி இல்லை. காரணத்தை உரிய இடத்தில் தெரிவிப்பேன்.

என் பெயர் திருமேனிநாதன். இருபத்தாறு ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியராக இருந்துவிட்டு, தஞ்சாவூரில் பாட நம்பக அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலராகப் பணியாற்றினேன். அந்த அலுவலகம் எதற்காக ஏற்பட்டது என்பதை இங்கே சுருக்கமாகக் கூறிவிடுவது முறை.

இணையத்தில் அறிவியல் பாடம் தேடும் மாணவருக்கும் ஆசிரியருக்கும், எது மெய் எது பொய் என்று விளங்காமற்போன காலம் ஒன்று இருந்தது. ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டு கைப்பேசிக்கு மூன்று நாள் மின்னேற்றலாம் என்றது ஒரு பக்கம். கிரகணத்தின்போது உலக்கை செங்குத்தாக நிற்பதற்குக் குவாண்டம் விளக்கம் தந்தது மற்றொரு பக்கம். இவற்றை எழுதியவை பெரும்பாலும் இயந்திரங்கள். இவற்றைப் படித்துத் தெளிந்து மேலும் எழுதியவையும் இயந்திரங்களே. இந்தக் குப்பையைச் சலிப்பதற்கென்று வந்ததுதான் ‘சல்லடை’. ஒவ்வோர் அறிவியல் பக்கத்துக்கும், அதை எழுதியவருக்கும், நூற்றுக்கு இத்தனை என்று ஒரு நம்பக எண்ணை அது வழங்கும். எண் குறைந்த பக்கம் பள்ளிக் கணினிகளில் திறக்காது. பின்னர் மாணவர்களின் செய்முறை ஏடுகளும் இணையத்தில் ஏறத் தொடங்கியதால், மாணவர்களுக்கும் எண் வந்தது. அறுபதுக்குக் கீழ் இருப்பவருக்குப் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடையாது.

என்னுடைய எண் 99.2. மாவட்டத்திலேயே அதுதான் மிக உயர்ந்தது. எதனால் எனக்கு அவ்வளவு என்று யாரேனும் கேட்டால், “எனக்குத் தெரியாது” என்பேன். அது உண்மை. அனைவரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை, மறுப்பது மரியாதையன்று.

ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில், பட்டுக்கோட்டையிலிருந்து இருவர் மேல்முறையீட்டுக்கு வந்தனர். ஒருவர் அமலோற்பவம் டீச்சர். அரசுப் பள்ளியொன்றின் அறிவியல் ஆசிரியை. அவருடன், பத்தாம் வகுப்பு முடித்திருந்த அவருடைய மாணவி ஷிஃபானா. நான் எழுந்து நின்று வரவேற்று, தேநீர் அருந்துகிறீர்களா என்று மூன்று முறை வினவினேன்.

“டீயெல்லாம் வேணாம் சார்,” என்றார் டீச்சர். “காலையில ஆறரை பஸ்ஸைப் புடிச்சு வந்திருக்கோம். வெள்ளிக்கிழமையோட அட்மிஷன் முடியுது. இந்தப் புள்ள பொய் சொல்லிருச்சுன்னு உங்க மிஷின் சொல்லுது. எழுவத்தி நாலு இருந்த நம்பரை முப்பத்தொன்னு ஆக்கிருச்சு. சயின்ஸ் குரூப் கிடையாதாம்.”

“பொய் என்று கூறியிருக்க மாட்டார்கள். அதனினும் மென்மையான ஒரு சொல்லை...”

“கற்பனைன்னு போட்டிருக்கு சார்,” என்றாள் ஷிஃபானா.

எங்கள் அலுவலகத்தில் சல்லடையை இயக்குபவர் குணாளன் என்னும் இளைஞர். அவர் திரையிலிருந்து அந்தக் குறிப்பை வாசித்தார். “ஷிஃபானா. செய்முறை: நிழலில்லா நாள். அவதானிப்பு, 4,112 நம்பகமான பக்கங்களுக்கு முரணானது. வகை: கற்பனை.”

வாசகர்களில் சிலருக்கு நிழலில்லா நாள் புதிதாக இருக்கலாம். நம் ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை, நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழல் இராது. அந்த நாள் ஊருக்கு ஊர் வேறுபடும்.

ஷிஃபானா தன் ஏட்டை என் முன் விரித்தாள். பக்கத்தின் மேல் ஓரத்தில் சிறியதாக 786 என்று எழுதி, அதற்குக் கீழே அளவுகோல் பிடித்துக் கட்டங்கள் போட்டிருந்தாள்.

“பதினாலாம் தேதிலேர்ந்து பாத்தேன் சார். ஸ்கூல் மொட்டை மாடில ஒரு மீட்டர் பைப், மட்டம் பாத்து நேரா நிறுத்துனது. ஏப்ரல் பதினேழு, பன்னண்டு மணி பன்னண்டு நிமிஷம், நிழலே இல்ல. நெட்டுல இருபத்தொன்னுன்னு போட்டிருந்துச்சேன்னு அன்னைக்கும் ஏறிப் பாத்தேன். தெக்கால ரெண்டேகால் சென்டிமீட்டர் விழுந்துச்சு.”

“கிளாஸ்ல மிச்சம் நாப்பத்தொரு பேரு சார்,” என்றார் டீச்சர். “ஒருத்தனும் படியேறல. நெட்டைப் பாத்து இருபத்தொன்னுன்னு எழுதிட்டு கிரிக்கெட் ஆடப் போயிட்டானுங்க. அவனுங்களுக்கெல்லாம் தொண்ணூறு. வெயில்ல நின்னு கறுத்தது இது ஒன்னுதான். இதுக்கு முப்பத்தொன்னு.”

ஒருவரையும் புண்படுத்தாமல் தீர்ப்புரைப்பது என் வழக்கம். “இரு தேதிகளும் தத்தம் நோக்கில் ஏற்கத்தக்கவையே...” என்று தொடங்கினேன்.

“தத்தம் நோக்குன்னா? சூரியன் பட்டுக்கோட்டைக்கு நாலு நாள் டூர் வந்துச்சா சார்?”

குணாளன் இருமலைப் போன்ற ஓர் ஒலியால் சிரிப்பை மறைத்துக்கொண்டார். “சார், நாலாயிரம் பக்கமும் ஒன்னை ஒன்னு பாத்து எழுதினதாத்தான் இருக்கும். வேர் எங்கன்னு புடிச்சுப் பாத்துருவோமா?” என்று என் அனுமதியைக் கேட்டார். நான் மகிழ்ச்சியுடன் அளித்தேன். என் வாழ்வில் நான் அளித்த அனுமதிகளில் இதுவே மிக விலையுயர்ந்தது.

திரையில் 4,112 புள்ளிகள் தோன்றின. அவை சுருங்கி அறுநூறாயின, பின்னர் ஒன்பது, பின்னர் ஒன்று. அந்த ஒன்றைக் குணாளன் திறந்தார். கருநீலப் பின்னணியில் நட்சத்திரங்கள் மின்னின. அவற்றின் மேல் மஞ்சள் எழுத்தில், ‘தமிழக ஊர்களும் நிழலில்லா நாட்களும்: சக ஆசிரியர்களின் மேலான பார்வைக்கு’ என்றிருந்தது. எழுதியவர் பெயர், வே. திருமேனிநாதன்.

“சார்... இது நீங்களா?”

“அப்பெயரில் வேறு எவரேனும் இருக்கக்கூடும்,” என்றேன்.

“போட்டோவும் இருக்கு சார்.”

இருந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய மீசையுடன் நான் அவர்களை நோக்கிப் பணிவாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தேன்.

ஷிஃபானா பட்டியலின் முதல் வரியில் விரலை வைத்தாள். “சார், ‘உ’ன்னு ஒரு ஊர் இருக்கே. அது எங்க இருக்கு?”

“அதைத்தான் பாப்பா நானும் ரொம்ப நாளாத் தேடுறேன்,” என்றார் குணாளன். “மேப்புலயே வந்திருச்சு, அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துல. போன வருஷம் எட்டாங்கிளாஸ் பரீட்சையில ‘உ என்னும் ஊரில் நிழலில்லா நாள் எது’ன்னு கேள்வியே கேட்டாங்க. ஏப்ரல் பன்னண்டுன்னு எழுதினவனுக்கெல்லாம் ஒரு மார்க்கு.”

அது ஊர் அன்று. அது நான் இட்ட பிள்ளையார் சுழி.

நடந்தது இதுதான். ஊர்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய தேதியை ஒரு குறிப்பேட்டில் பிழையின்றிக் கணக்கிட்டிருந்தேன். கணினியின் அட்டவணையில் முதல் நாள் தேதிகளை மட்டும் ஒரு பத்தியாக ஏற்றினேன். மறுநாள் பக்கத்துப் பத்தியில் ஊர்ப் பெயர்களைத் தொடங்கும்போது, எதைத் தொடங்கினாலும் செய்வதைப் போல, முதற்கட்டத்தில் ‘உ’ என்று இட்டுவிட்டேன். ஊர்கள் அனைத்தும் ஒரு கட்டம் கீழே இறங்கின. அம்பாசமுத்திரத்தின் தேதி பிள்ளையாருக்குப் போயிற்று. ஒவ்வோர் ஊருக்கும் அதற்கடுத்த ஊரின் தேதி வந்து சேர்ந்தது. கடைசியில் நின்ற வேலூருக்குத் தேதியே இல்லை. அதைக் கண்டபோதாவது எனக்குச் சந்தேகம் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. வேலூரை மறந்துவிட்டோமே என்று என்னைக் கடிந்துகொண்டு, அதற்கு மட்டும் புதிதாகக் கணக்கிட்டு நிரப்பினேன். ஆகவே என் பட்டியலால் வஞ்சிக்கப்படாத ஊர் தமிழ்நாட்டில் வேலூர் ஒன்றே. அவ்வூர் மக்களை நான் எப்போது சந்தித்தாலும் நிமிர்ந்து பார்ப்பேன்.

“பட்டுக்கோட்டைக்கு அடுத்தது பண்ருட்டி,” என்று ஷிஃபானா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “பண்ருட்டிக்கு இருபத்தொன்னுதான் சார் வரும். அந்தத் தேதி எங்களுக்கு வந்திருச்சு.”

“இத்தனை வருஷம் ஒருத்தருமா கண்டுபிடிக்கல?” என்றார் டீச்சர்.

“எப்படி டீச்சர் கண்டுபிடிப்பாங்க?” என்றார் குணாளன். “மிஷின் ஒரு கணக்கு வச்சிருக்கு. ‘நூறு சதவீதம் உண்மை’ன்னு அடிச்சுப் பேசுற பக்கமெல்லாம் பொய்யா இருக்கும். தயங்கித் தயங்கி, தப்பு இருந்தாலும் இருக்கும்னு சொல்றவங்கதான் விஷயம் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. அதை அதுவாக் கத்துக்கிச்சு. இப்ப சார் பக்கத்தைப் பாருங்க.” அவர் பக்கத்தைக் கீழே நகர்த்தினார். “‘பிழையிருப்பின் பொறுத்தருள்க’. ஒன்னு... ரெண்டு... ஏழு தடவை. அதுக்கப்புறம் மிஷின் சாரைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடாம என்ன செய்யும்?”

அப்போதுதான் என் 99.2 எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிந்தது. அறிவால் வந்ததன்று. அச்சத்தால் வந்தது.

இவ்விடத்தில் நான் உடனே எழுந்து உண்மையை முழங்கினேன் என்று எழுத ஆசைதான், புனைகதையாயிற்றே. ஆனால் நான் செய்தது வேறு. எண் தொண்ணூறுக்குக் கீழே போனால் மேல்முறையீட்டு நாற்காலி போய்விடும் என்பதும், பணி நிறைவுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன என்பதும், அந்த விழாவுக்கான ஏற்புரையை நான் எழுதியே வைத்திருக்கிறேன் என்பதும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

“ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி பட்டுக்கோட்டையில் மீண்டும் நிழலில்லா நாள் வரும்,” என்றேன். “அலுவலகமே நேரில் வந்து பார்வையிட்டு, அதன் பின்னர் உரிய முறையில்...”

“சார், அட்மிஷன் வெள்ளிக்கிழமை. சூரியனுக்கு அவசரமில்ல, புள்ளைக்கு இருக்கு.”

ஷிஃபானா கெஞ்சவில்லை. என் மீசைப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, ஏதோ அளவு கேட்பவளைப் போல, “சார், நீங்க மாடில ஏறிப் பாத்தீங்களா?” என்றாள்.

“இல்லை,” என்றேன்.

இருபத்தாறு ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். முந்நூற்றுப் பதினாறு ஊர்களுக்குக் கணக்கிட்டிருக்கிறேன். ஒரு நாளும் ஒரு கம்பத்தை நட்டு, அதன் அடியைக் குனிந்து பார்த்ததில்லை. அந்த ‘இல்லை’க்கு முன்னும் பின்னும் சேர்ப்பதற்கு என்னிடம் ஒரு பணிவுச் சொல்லும் அகப்படவில்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரையின் முன் அமர்ந்தேன். திருத்தக் கட்டத்தில் இவ்வாறு எழுதினேன்: ‘மேற்படி பட்டியலில் அடியேனின் கவனக்குறைவால் சிறு பிழை நேர்ந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

சல்லடை சிறிது நேரம் சுழன்றது. என் எண் 99.4 ஆயிற்று.

பதறிப்போய், இன்னும் அழுத்தமாக மன்னிப்புக் கோரினேன். 99.6.

“சார், நீங்க மன்னிப்பு கேக்கக் கேக்க ஏறிக்கிட்டே போகுது,” என்றார் குணாளன். “நூறைத் தாண்டினா அது என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது.”

“ஒரே ஒரு தடவை மரியாதை இல்லாம எழுதுங்க சார்,” என்றார் அமலோற்பவம் டீச்சர். “நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்.”

எழுதினேன். ‘நான் எழுதியது தவறு. ஷிஃபானா எழுதியது சரி. பட்டுக்கோட்டைக்கு ஏப்ரல் 17.’ ஒரு தயக்கச் சொல்லும் இல்லாமல் நான் எழுதிய முதல் மூன்று வாக்கியங்கள் அவை.

சல்லடை நெடுநேரம் சுழன்றபின் கேட்டது: ‘இக்கூற்று தங்கள் முந்தைய கூற்றுக்கு முரணானது. இரண்டில் எதை எழுதியபோது தாங்கள் நம்பத்தகாதவராக இருந்தீர்கள்?’

‘முந்தையதை.’

‘தங்கள் நம்பக எண் முழுவதும் அப்பக்கத்தால் ஈட்டியது. அதனை நீக்கினால் எஞ்சுவது 0. சம்மதமா?’

ஷிஃபானா திரையைப் பார்க்கவில்லை. தன் ஏட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது என் வேலை, அவளுடையது அன்று என்பதைப் போல. நான் ‘ஆம்’ என்பதை அழுத்தினேன்.

4,112 புள்ளிகளும் மழையில் நனைந்த அப்பளங்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்ந்தன. அம்பாசமுத்திரப் பக்கத்து வரைபடத்தில், இருபத்து நான்கு ஆண்டு வரலாறு கொண்ட உ என்னும் ஊர், உயிர்ச்சேதம் ஏதுமின்றி மறைந்தது. ஷிஃபானாவின் 31 மெதுவாக ஏறத் தொடங்கி, 97இல் நின்றது. நிழலில்லா நாளைக் கண்ணால் பார்த்து எழுதிய பக்கம் தமிழ்நாட்டில் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“அய்யோ, மத்த நாப்பத்தொன்னு?” என்று டீச்சர் எழுந்துவிட்டார்.

“அறுவதுல நிக்குது டீச்சர். நம்பி ஏமாந்தவங்களுக்குச் சலுகை உண்டு.”

“படியேறாததுக்கு அறுவதா? குடுத்து வச்ச பயலுக.”

புறப்படும்போது ஷிஃபானா என்னிடம், “தேங்க்ஸ் சார்” என்றாள். நான் வழக்கம்போல, “பிழையிருப்பின்...” என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

இனி, நான் முன்பு வாக்களித்த காரணம். நம்பக எண் பூச்சியமாக உள்ளவர் எழுதும் எதுவும் ‘புனைகதை’ என்ற பிரிவின்கீழ் மட்டுமே வெளியாகலாம் என்பது விதி. அவ்விதியை வகுத்த குழுவில் நானும் இருந்தேன். பூச்சியம் எவருக்கும் வராது என்ற நம்பிக்கையில் கையெழுத்திட்டிருந்தேன். நாற்காலி போயிற்று. இப்போது பதிவறையில், கோப்புகளின் மேல் தூசி படிவதை மேற்பார்வையிடுகிறேன். காய்ச்சலுக்காக நான் அனுப்பிய விடுப்பு விண்ணப்பம், ‘சித்திரிப்பு நன்று, முடிவு எதிர்பார்த்ததே’ என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. எங்கள் தெருக் குழாயில் நான்கு நாட்களாகத் தண்ணீர் வரவில்லை என்று எழுதிய மனு இலக்கியப் பகுதிக்குப் போய், அதில் வரும் தாகம் ஒரு குறியீடு என்று ஒருவர் பாராட்டியிருக்கிறார். தண்ணீர் இன்னும் வரவில்லை. இந்த வரலாற்றையும் நான் வேறெங்கும் அனுப்ப இயலாது என்பதை வாசகர்கள் இப்போது உணர்ந்திருப்பார்கள்.

ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி, முறைப்படி விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டைக்குச் சென்றேன். விண்ணப்பத்தில் உண்மையான காரணத்தையே எழுதியிருந்தேன். எவரும் நம்பாததால் எவரும் தடுக்கவில்லை.

பள்ளியின் மொட்டை மாடியில் நாற்பத்திரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். “டேய், பைப்பைத் தொடாதடா! தொட்டா உனக்கும் சார் மாதிரி பூச்சியம்தான்!” என்று அமலோற்பவம் டீச்சர் ஒருவனை அதட்டிவிட்டு, என்னைக் கண்டதும், “வாங்க சார், உங்களைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றார். தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. குழாயின் அடியில் விரலகலம் இருந்த நிழல், நகத்தகலமாயிற்று, பின்னர் நூலளவு. பன்னிரண்டு மணி பதினான்கு நிமிடத்துக்கு அங்கே தரை மட்டும் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். என் நிழலும் எங்கோ என் செருப்புக்கடியில் பதுங்கிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் நாற்பத்திரண்டு பேரும் குனிந்திருந்தார்கள். கிரிக்கெட் ஆடப் போனவர்களும்கூட.

பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவின் சீருடையில் இருந்த ஷிஃபானா, அட்டையில் செருகிய ஒரு தாளை என்னிடம் நீட்டினாள்.

“மொத வரி நீங்க எழுதுங்க சார்.”

கட்டங்கள் நேராக இருந்தன. அவற்றுக்கு மேலே, தாளின் ஓரத்தில் 786. அதன் பக்கத்தில் சிறியதாக ஒரு வெற்றிடம். அதற்குக் கீழே பென்சிலில் ஒரு கோடு.

“எங்க வாப்பாவும் எதை ஆரம்பிச்சாலும் மேல எழுதுவாங்க சார். ஆனா கட்டத்துக்கு வெளில எழுதுவாங்க,” என்றாள். “உங்களுக்கும் பக்கத்துல எடம் விட்டிருக்கேன். அங்க போட்டுருங்க.”

அங்கே போட்டேன். பிறகு முதற்கட்டத்திலிருந்து வரிசையாக எழுதினேன். ஊர்: பட்டுக்கோட்டை. நாள்: ஆகஸ்ட் 26. நேரம்: 12.14. நிழல்: 0. பார்த்தவர்: திருமேனிநாதன். பார்த்தவரின் நம்பக எண்: 0.

ஷிஃபானா குழாயின் அடியை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்துவிட்டு, இரண்டு பூச்சியங்களும் சரி என்று ஓரத்தில் கையெழுத்திட்டாள்.